கையில் சில்லறை புழங்காத வீட்டில் உண்டியல் எதற்கு?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சாமான் வாங்குவது அட்டையிலும் தொலைபேசியின் கியூஆர் வழியாகவும், மின்சாரமும் தண்ணீரும் கட்டுவது செயலியில். படுவான்கரையில் அவருடைய அம்மா வைத்திருந்த மண் உண்டியல் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நிறைந்து உடைபட்டது. இவருடைய வீட்டு உண்டியலோ ஒரு வருடமாகியும் அடி மறையவில்லை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். “இனி உண்டியல் வைத்திருப்பதில் ஏதும் பயன் உண்டா, அல்லது எல்லாவற்றையும் வங்கிக்கே விட்டுவிடுவதா?” என்பது அவர் எழுதிய வாசகம். கேள்வி உண்டியலைப் பற்றியது போலத் தோன்றினாலும், சேர்ப்பதே தெரியாமல் அம்மா சேர்த்தது போல, காசைக் கண்ணாலே காணாத ஒரு வீட்டில் எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கிராமிய வங்கியில் நீண்ட காலம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்தவர்களில் மாதச் சம்பளக்காரர் குறைவு. மீன் விற்பவர்களும், பாய் இழைப்பவர்களும், வயல் கூலிக்குப் போகிறவர்களும், இடியப்பம் அவித்து விற்கிற பெண்களும்தான் அதிகம். ஆகவே நாளாந்தக் காசைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். செயலிகளைப் பற்றிச் சொல்வது ஒரு பாவனையாளனாக நான் கண்டறிந்தது மட்டுமே. கட்டணங்களும் விதிகளும் வங்கிக்கு வங்கி மாறுவதால் உங்கள் கிளையில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவின் உண்டியல் ஏன் நிறைந்தது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகிவிடும். அது நிறைந்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, வீட்டுக்குள் நாள்தோறும் காசு வந்து போனது. கடைக்குப் போய் வந்த பிள்ளையின் கையில் மிச்சக்காசு இருந்தது. இரண்டாவது, அந்தக் காசு செலவுக் கணக்கில் சேர்வதற்கு முன்பே விலக்கப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பிடியரிசி எடுத்து வைத்த முறையும் இதுதான்: உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு பானையில் போட்டுவிட்டு, மிகுதியைத்தான் சமைத்தார்கள். சமைத்த பிறகு மிஞ்சினால் எடுப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை. மூன்றாவது, போட்டதைத் திரும்ப எடுப்பது கடினம். உண்டியலைத் தலைகீழாகப் பிடித்து, துவாரத்தில் கத்தி நுனியைச் செருகி, அதன்மேல் ஒவ்வொரு குற்றியாகச் சறுக்கி விழச் செய்த அனுபவம் இதை வாசிக்கும் பலருக்கும் இருக்கும். ஒரு பத்து ரூபாவை எடுக்க அவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததே, மிகுதிக் காசு உள்ளே தங்கியதற்குக் காரணம். இந்த மூன்றில் முதலாவதுதான் உங்கள் வீட்டில் இல்லாமற் போயிருக்கிறது. மற்ற இரண்டையும் காசில்லாமலே செய்துகொள்ளலாம். அதற்குப் போவதற்கு முன், சில்லறையின் இன்றைய பெறுமதியைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் 10 ரூபா நாணயக் குற்றி 2010இல் புழக்கத்துக்கு வந்தது. 2011இல் வெளியான தாள் வரிசையில் 20 ரூபாவுக்குக் கீழ் தாளே இல்லை. பின்னர் 20 ரூபாவுக்கும் குற்றி வந்துவிட்டது. ஆக, இன்றைக்குச் சில்லறை என்றால் பெரும்பாலும் 5, 10, 20 ரூபாக் குற்றிகள்தான். நாளுக்கு ஒரு 10 ரூபாக் குற்றியை ஒரு நாளும் தவறாமல் போட்டால் வருடத்துக்கு 3,650 ரூபா சேரும். 20 ரூபாக் குற்றியானால் 7,300. இது ஒரு பிள்ளையின் கொப்பி, சப்பாத்துச் செலவுக்கு உதவும் தொகை. அதற்குமேல் பெரிய எதிர்பார்ப்பை அதன்மேல் வைக்கக் கூடாது. உங்கள் அம்மாவின் காலத்தில் ஒரு உண்டியல் தங்கத் தோட்டுக்குக்கூட வழி செய்திருக்கலாம். இன்றைய சில்லறைக்கு அந்த வலு இல்லை என்பது உறுதி.

அதிலும் உறுதியானது, மூடிக் கிடக்கும் காசு தேய்கிறது என்பது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுக்கு மட்டும் பார்த்தால் அது 94.9 சதவீதம். அதற்கு ஒரு வருடம் முன்னர் 10,000 ரூபாவை உண்டியலில் போட்டு மூடியவர், திறந்தபோது அதே 10,000 ரூபாவைத்தான் கண்டார். ஆனால் அதைக்கொண்டு வாங்க முடிந்ததோ முன்பு ஏறத்தாழ 5,900 ரூபாவுக்கு வாங்கிய பொருளை மட்டுமே. வங்கியில் இட்டிருந்தாலும் அந்த வருட வட்டி இந்த இழப்பை ஈடுசெய்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்படியொரு வருடம் எப்போதும் வருவதில்லை. ஆனாலும் விலை ஓரளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே உண்டியல் சேர்க்கும் இடமாக இருக்கலாம், வைத்திருக்கும் இடமாக இருக்கக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு காசும் அதற்குள் கிடக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறப்பது இன்னும் நல்லது.

வட்டியைப் பற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் எங்கள் ஊர்களில் உலாவுகின்றன. “வங்கியில் போட்டால் பத்து வீதம் பிடிக்கிறார்கள், அதைவிட உண்டியல் மேல்” என்பது ஒன்று. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துவைக்கப்படுவது உண்மை. ஆனால் பிடிப்பது வட்டியில் மட்டுமே. நீங்கள் போட்ட தொகையில் ஒரு சதமும் குறையாது. 100 ரூபா வட்டி கிடைத்தால் 90 ரூபா கைக்கு வரும். உண்டியலில் அந்த 100 ரூபாவே இல்லை. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடிப்பையும் தவிர்க்கலாம். மற்றது, வங்கியில் போட்டவுடன் சிறுகாசு பெருகிவிடும் என்ற எண்ணம். நாளுக்கு 10 ரூபாவாகச் சேர்ந்த 3,650 ரூபாவுக்கு, 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், முதல் வருடத்தில் நூறு ரூபா தேறாது. சிறிய தொகையில் வட்டி ஒரு பொருட்டே அல்ல. தொடர்ந்து போடுவதே அதைப் பெருக்குகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சம்பளம் கணக்குக்கு வரும் வீட்டில், பிடியரிசி எடுக்க வேண்டிய நேரம் சம்பளம் விழும் நாள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. இதை நான் கண்ட எல்லா வருமான மட்டங்களிலும் கண்டிருக்கிறேன். அதே வங்கியிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதற்கு ஏ.ரி.எம். அட்டை எடுக்காமல், தொலைபேசிச் செயலியிலும் முடிந்தால் இணைக்காமல் விடுங்கள். சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக அங்கே போகும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுங்கள். அட்டை இல்லாத கணக்கிலிருந்து எடுக்க வேண்டுமானால் புத்தகத்தோடு கிளைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மண் உண்டியலின் ஒடுங்கிய துவாரம் செய்த வேலையை இந்தச் சிரமம் செய்யும்.

அதே வங்கி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாக அனுப்பும் ஒவ்வொரு தடவைக்கும் பெரும்பாலும் 20 முதல் 30 ரூபா வரை கட்டணம் போகிறது. சிலர் ஆர்வத்தில் நாள்தோறும் 50 ரூபாவை வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்பத் தொடங்கி, சேமித்ததில் பாதியைக் கட்டணமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வங்கிக்குள் மாற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. நாளாந்தச் சில்லறையின் சுவையை இழக்க விரும்பாதவர்கள், ஞாயிறு இரவில் அந்தக் கிழமைச் செலவுப் பட்டியலைத் தொலைபேசியில் பார்த்து, ஒவ்வொரு தொகையையும் அடுத்த நூறுக்கு உயர்த்திக் கணக்கிட்டு, அந்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை ஒரே தடவையில் மற்றக் கணக்குக்கு மாற்றலாம். 1,340 ரூபாவுக்குச் சாமான் வாங்கியிருந்தால் 60 ரூபா. 870 ரூபாவுக்கு மருந்து வாங்கியிருந்தால் 30 ரூபா. இது பலிக்குமா என்பது ஆளைப் பொறுத்தது. கணக்குப் பார்ப்பதில் விருப்பமுள்ளவர்களுக்குப் பலிக்கிறது. மற்றவர்கள் இரண்டு மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். சம்பள நாளில் தானாகப் போகும் தொகையோ எல்லோருக்கும் பலிக்கும்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சொல். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் அளிக்கிறது. அஞ்சலகங்கள் வழியாகவும் அதில் காசு போடலாம் என்பதால் உள்ளூர்களில் இருப்பவர்களுக்கு வசதி. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற மற்ற வங்கிகளில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. நான் வேலை செய்தது போன்ற கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் அந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. அவை கிராமத்துக்குச் செய்த நன்மையை நேரில் கண்டவன் நான். இருந்தும், பெரிய தொகையை அங்கே மட்டும் வைத்திருக்கச் சொல்லமாட்டேன்.

நாள்தோறும் கையில் காசு புழங்கும் வீடுகளின் கதை வேறு. அதை நான் விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்தப் பதிலை வாசிப்பவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம் இருப்பார்கள். வாழைச்சேனையில் மீன் ஏலம் எடுத்துச் சில்லறைக்கு விற்பவருக்கும், மருதமுனையில் தறியில் நெய்பவருக்கும், கல்முனைச் சந்தையில் மரக்கறி பரப்பி வைத்திருப்பவருக்கும் சம்பள நாள் என்று ஒன்று இல்லை. இன்றைக்கு 3,000 கிடைக்கும், நாளைக்கு 400, மழை வந்தால் ஒன்றுமில்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று வங்கியில் கட்டளை கொடுத்தால், காசு இல்லாத கிழமையில் அது தவறும். தவறியவுடன் மனமும் விட்டுப்போகும். இவர்களுக்கு இன்றைக்கும் உண்டியலைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போக அரைநாள் உழைப்பை விட வேண்டியதில்லை. 20 ரூபாவோடு கவுண்டரில் நிற்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல நாளில் நூறு, கெட்ட நாளில் ஐந்து என்று வரவுக்கேற்பப் போடலாம். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்லி வந்தது, கடையிலிருந்து எழும்பும்போதே, வீட்டுப் படி ஏறுவதற்கு முன், அன்றைய பங்கைத் தனியாக முடிந்துவிடுங்கள் என்பதுதான். வீட்டுக்குள் போன காசுக்கு ஆயிரம் தேவைகள் காத்திருக்கும்.

அந்த உண்டியல் என்ன சாதிக்கும் என்பதை அடகுப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாடசாலைத் தவணை தொடங்கும் நாட்களிலும் பெருநாளுக்கு முந்திய கிழமைகளிலும் எங்கள் கிளையின் அடகுக் கவுண்டரில் கூட்டம் கூடும். வருபவர்களில் பலர் கழற்றித் தருவது பிள்ளையின் காதுப்பூவையோ மெல்லிய மோதிரத்தையோதான். கேட்பது ஐயாயிரமோ எட்டாயிரமோ. அந்தச் சிறிய தொகைக்கு வட்டி கட்டத் தவறி, தவணை தாண்டி, நகை ஏலத்துக்குப் போனதை நான் கண்டிருக்கிறேன். நாளுக்கு 20 ரூபா சேர்த்த உண்டியல் சரியாக அந்தத் தொகையைத்தான் தருகிறது. ஏழாயிரம் ரூபாவால் யாரும் பணக்காரராக முடியாது; ஆனால் அந்தக் காதுப்பூ பிள்ளையின் காதிலேயே இருக்கும்.

ஆனால் நுண்கடன் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்குச் சொல்ல வேண்டும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே கொண்டுவர வேண்டிய அளவுக்கு அந்தக் கடன்களின் சுமை கூடியிருந்தது. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கட்டுகிற ஒருவர், ஒருபக்கம் முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் வட்டியே இல்லாத உண்டியலை நிறைப்பது நட்டம். கட்டுக்காசு நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். அதேவேளை, உண்டியலை முற்றாக வெறுமையாக்கவும் வேண்டாம். ஒரு கிழமைக் கட்டுக்காசின் அளவு எப்போதும் அதில் இருந்தால், வருமானம் இல்லாத கிழமையில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் நிலை வராது.

உங்கள் இரண்டு பிள்ளைகளுக்காக உண்டியலைக் கட்டாயம் வைத்திருங்கள் என்பதே என் பதில். அட்டையைத் தட்டினால் பொருள் வருகிறது என்று மட்டும் கண்டு வளரும் பிள்ளைக்குக் காசு தீரும் பொருள் என்பது தெரிவதில்லை. உண்டியலின் பாரம் கூடுவதைக் கையால் தூக்கிப் பார்த்து அறிகிற பிள்ளை அதை அறிந்துகொள்கிறது. இதற்கு ஆய்வு எதையும் நான் சான்றாகக் காட்டவில்லை. பெற்றோரோடு என் கவுண்டருக்கு வந்த பிள்ளைகளைக் கண்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உள்ளே தெரியும் போத்தலாக இருந்தால் சிறு பிள்ளைக்கு இன்னும் நல்லது. மாதத்தில் ஒருமுறை கொஞ்சத் தொகையைச் சில்லறையாக மாற்றி வந்து, அவர்கள் கையாலே கடைக்குக் கொடுத்து மிச்சம் வாங்கச் சொல்லுங்கள். அந்த மிச்சம் உண்டியலுக்குப் போகட்டும். மிச்சத்துக்குப் பதில் டொபி தரும் கடையில், “காசாகவே தாருங்கள்” என்று பணிவாகக் கேட்கவும் பழக்குங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: பெரியவர்கள் அவசரத்துக்குப் பிள்ளையின் உண்டியலிலிருந்து எடுத்தால் பிள்ளையிடம் சொல்லி எடுத்து, சொன்ன நாளில் திருப்பிப் போட வேண்டும். சொல்லாமல் எடுத்த ஒரு நூறு ரூபா, பிள்ளை மறுபடி சேர்க்கும் விருப்பத்தையே கெடுத்துவிடும்.

உண்டியலைத் திறக்கும்போது கவனிக்க வேண்டியது எங்கள் கடற்கரைக் காற்று. பித்தளைப் பூச்சிட்ட உருக்கினால் செய்த 5 ரூபாக் குற்றிகள், பூச்சுத் தேய்ந்த இடத்தில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தகரப் பேணியில், அதுவும் குசினிப் பக்கம் வைத்திருந்தால், மாரி முடிவதற்குள் கட்டியாகிவிடும். 2017 முதல் வந்த துருப்பிடிக்காத உருக்குக் குற்றிகள் இந்த ஈரத்தைத் தாங்குகின்றன. ஈரமாக எடுத்த காசை வெயிலில் உலர்த்திய பிறகே எண்ணுங்கள். பெறுமதி வாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு வகையையும் தனிப் பையில் தொகை எழுதிக் கொண்டுபோனால் வங்கியில் வேலை விரைவாக முடியும். மாதத் தொடக்கத்திலும் ஓய்வூதியம் வழங்கும் நாட்களிலும் போகாதீர்கள். வங்கிக்குப் போகும் முன் பக்கத்துக் கடையிலோ பேக்கரியிலோ கேட்டுப் பாருங்கள். பேருந்தின் ஆகக் குறைந்த கட்டணம் அண்மைய ஆண்டுகளில் 27, 28, 30 ரூபா என்று மாறி மாறி வந்ததால், காலை வேளையில் நடத்துனர்கள் சில்லறைக்குத் தவிக்கிறார்கள். ஆயிரம் ரூபாச் சில்லறையை நன்றியோடு வாங்கித் தாளாகத் தருவார்கள். எங்கள் குற்றிகள் எல்லாம் வெளிநாட்டில் வார்த்துக் கொண்டுவரப்படுபவை; அவை திரும்பப் புழக்கத்துக்கு வருவது நாட்டுக்கும் நல்லது.

அடியில் பழைய சதக் காசுகள் கிடந்தால், அவற்றுக்கு இலட்சக்கணக்கில் தருவதாக முகநூலில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். கோடிக்கணக்கில் வார்த்த, தேய்ந்த குற்றிக்குச் சேகரிப்பாளர் பெரிய விலை கொடுப்பதில்லை. பதிவுக் கட்டணம், முன்பணம் என்று எதையாவது கேட்டால் அது மோசடி.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் நம் மாவட்டங்களில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒரு தேவை உண்டு. 1978 நவம்பர் சூறாவளியும், 2004 டிசம்பர் கடற்கோளும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மின்சாரத்தையும் தொடர்பையும் துண்டித்தவை. மின்சாரம் இல்லாத ஊரில் அட்டை இயந்திரம் வேலை செய்யாது, கியூஆர் திறக்காது, ஏ.ரி.எம்.மும் காசு தராது. திறந்திருக்கும் ஒன்றிரண்டு கடைகளில் பாணும் மெழுகுதிரியும் வாங்கக் கையில் தாள் வேண்டும். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மிச்சம் தரக் கடைக்காரரிடம் இருக்காது. ஆகவே முழுக்கக் காசில்லா வாழ்க்கைக்கு மாறிய வீட்டிலும், ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவுக்குப் போதுமான தொகையை 100, 500 ரூபாத் தாள்களாகவும் ஒரு பிடி சில்லறையாகவும் வைத்திருக்கச் சொல்வேன். அதற்கு மேல் வீட்டில் வைக்க வேண்டாம். 2004இல் அலை கொண்டுபோனவற்றில் வீட்டில் பூட்டி வைத்திருந்த காசும் நகையும் எவ்வளவு என்பதை இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. தாள்களை, அடையாள அட்டைப் பிரதியோடும் வங்கிப் புத்தகத்தோடும், இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் காற்றுப் புகாமல் கட்டி, கையோடு தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பைக்குள் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மாதம் மாரி தொடங்குமுன் அதைப் பிரித்து, ஈரம் பிடித்த தாள்களை வங்கியில் மாற்றி, அந்த வருடத்து விலைவாசிக்கு ஒரு கிழமைக்கு அது போதுமா என்று பார்த்து, குறைந்தால் உண்டியலிலிருந்து எடுத்து நிரப்பிவிடுங்கள்.